சொன்ன மறுநாள்

பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமையைச் சாதாரணச் சண்டையிலிருந்து பிரித்துக் காட்டுபவை மூன்று. அது வேண்டுமென்றே செய்யப்படுகிறது. திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. எதிர்த்து நிற்க முடியாத ஒருவர் மீது செய்யப்படுகிறது. நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களில் தொடங்கிய ஆய்வுகளில் வகுத்த இந்த அளவுகோலைத்தான் உலகின் பெரும்பாலான கல்வித் துறைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. இன்டர்வெல்லில் பந்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் இருவர் மதியத்துக்குள் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் பெரியவர்களுக்கு வேலை இல்லை. ஒரே பையனின் டப்பாவை ஒரே கூட்டம் தினமும் திறந்து தின்பதும், அவன் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பதும் வேறு விஷயம். அந்தச் சிரிப்பை நம்பி ஏமாந்த ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கை, முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்று கணக்கிட்டது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது எடுக்கும் வடிவத்தைப் புரிந்துகொள்ள, அங்கே வகுப்பறைகள் எப்படி நிரம்பின என்பதைப் பார்க்க வேண்டும். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1964இல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1960களின் தொடக்கத்தில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் வந்தன; விமானப்படை நிலையமும் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் அருகிலேயே. ஆகவே இந்தப் பகுதியின் பள்ளிகளில் உள்ளூர்க்காரர் என்று ஒருவரைச் சொல்வதே கடினம். வடாற்காட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவரின் மகன், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் ராணுவக் குடும்பத்தின் மகள், கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அத்திப்பட்டு, குடப்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யார் புதியவர் என்பது ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக முடிவானது. கேலி எப்போதும் புதியவரிடம்தான் முதலில் போய் நின்றது.

ஆவடிப் பக்கம் முப்பதாண்டுக்கு மேல் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் நினைவில் பட்டப்பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. 1980களில் நிறமும் குண்டும் ஒல்லியும் திக்குவாயும். பிறகு அப்பாவின் வேலை: மீன் விற்பவரின் மகளுக்கு ஒரு பெயர், லாரி ஓட்டுபவரின் மகனுக்கு ஒரு பெயர். 2000க்குப் பிறகு முகவரியே பட்டப்பெயரானது. ‘போர்டு’ என்று ஒரு சொல். வீட்டு வசதி வாரியத்தைக் குறிப்பதற்கு இருந்த அந்தச் சொல், திருட்டுப்போன பேனாவுக்கும் காணாமல்போன பத்து ரூபாய்க்கும் முதல் சந்தேகம் யார் மேல் என்பதைக் குறிப்பதாக ஆயிற்று. இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘வடக்கன்’. இவற்றைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுத் திண்ணையிலும் டீக்கடையிலும், வெட்கத்துக்குரிய வகையில் சில நேரம் ஆசிரியர் அறையிலும் கேட்டதைத்தான் வகுப்புக்குள் கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. ஆசிரியர் ஒரு மாணவனைப் பட்டப்பெயரால் அழைத்துவிட்டால், அன்றைக்கே அந்தப் பெயர் வகுப்பின் பொதுச்சொத்து ஆகிவிடும். பிறகு எந்த அறிவுரையும் எடுபடாது.

நட்பு முறிவு இந்தக் கொடுமைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதுவே அல்ல. சிறு வகுப்புகளில் ‘காய்’ விட்டவர்கள் மறுநாள் ‘பழம்’ விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். சுண்டுவிரலும் கட்டைவிரலும் போதும். ஏழாம் வகுப்பு தொடங்கி அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. தோழி என்பவள் அந்த வயதில் பாதி வீடு. அவள் இன்னொருத்தியிடம் போய்விட்டால் இடிந்துபோவது இயல்பு. அதை யாரும் குற்றமாக்க முடியாது, யாரையும் கட்டாயப்படுத்தி நட்பாக்கவும் முடியாது. ஆனால் இரண்டு பேருக்குள் வந்த மனத்தாங்கல் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒருத்தியை ஒதுக்குவதாக மாறும் ஒரு கட்டம் வரும். கவனித்துப் பிடிக்க வேண்டிய இடம் அது.

அந்த ஆசிரியை கண்ட எட்டாம் வகுப்புக் காட்சி ஒன்று இதற்கு உதாரணம். மதியச் சாப்பாட்டுக்கு மாணவிகள் வேப்பமரத்தடியில் வட்டம் போடுவார்கள். டப்பா மூடிகளை நடுவில் வைத்து, அவரவர் பொரியலில் கொஞ்சம் எடுத்து மூடிகளில் வைப்பார்கள். எல்லோரும் எல்லா மூடியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் ஒரு மாணவி தன் மூடியை நடுவில் வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை. பேசவும் இல்லை, திட்டவும் இல்லை. உருளைக்கிழங்கு வறுவல் வைத்தபடியே இருந்தது. அவள் மூடியைத் திரும்ப எடுத்து டப்பாவோடு சேர்த்து மூடினாள். அடுத்த நாள் முதல் அவள் குழாயடிப் பக்கம் நின்றபடி சாப்பிட்டாள், அதன் பிறகு நூலகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிச் சாப்பிடுவதையே விட்டாள். தினமும் பாதி தயிர்சாதம் வீட்டுக்குத் திரும்பியது. “டிபன் புடிக்கலையாடி?” என்று அம்மா கேட்டு, சாப்பாட்டை மாற்றி மாற்றிக் கட்டிக்கொடுத்துப் பார்த்தார். அவளை ஒதுக்கியதற்குக் காரணம், ஒரு பிறந்தநாளுக்கு அழைத்து, அழைத்ததை மற்றவளிடம் சொன்னது யார் என்ற தகராறு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பருவத்தில் அவள் மூன்று பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை.

ஆசிரியை வகுப்பில் எதையும் அறிவிக்கவில்லை. அந்த மாணவியை மட்டும் அழைத்து, நடந்ததை அவள் வேகத்திலேயே சொல்லவிட்டார். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: “மிஸ், அவங்கள கூப்ட்டு திட்டிடாதீங்க மிஸ்.” ஆசிரியை அதைக் காப்பாற்றினார். மறு வாரம் ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆள் பிரித்தபோது, அவளையும் வட்டத்தில் இருந்தாலும் தலைமை தாங்காத ஒருத்தியையும் வசனம் எழுதும் வேலையில் சேர்த்துப் போட்டார். மதியம் அரை மணி நேரம் அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கத்தை நடத்திய இருவரிடம் தனித்தனியாகப் பேசினார்; குற்றம் சாட்டாமல், அவள் சாப்பிடாமலிருப்பது தெரியுமா என்று மட்டும் கேட்டார். ஒருத்தி அழுதுவிட்டாள். இன்னொருத்தி தோளைக் குலுக்கினாள். பழைய நட்பு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் பேசுவதற்கு ஒருத்தி கிடைத்தாள். அந்த ஒருத்தி போதுமானவளாக இருந்தாள். உளவியல் ஆய்வுகளும் இதைச் சொல்கின்றன: ஒரே ஒரு நல்ல நட்பு இருந்தால்கூட, ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு ஏற்படும் பாதிப்பு கணிசமாகக் குறைகிறது.

பையன்களிடம் இது பொருள்கள் வழியாக நடக்கும். பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கொடுத்த ஆண்டில் நடந்தது இது. எல்லா வண்டியும் ஒரே நிறம். அடையாளத்துக்கு ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவனின் வண்டியில் மட்டும் மாலை மணி அடித்ததும் காற்று இருக்காது. முதலில் காற்றை மட்டும் பிடுங்கினார்கள். பிறகு வால்டியூபையே உருவினார்கள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே நெடுஞ்சாலை ஓரமாக வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிடும். தங்கையை அங்கன்வாடியிலிருந்து கூட்டி வரும் வேலை அவனுடையது. அது தினமும் தாமதமானது. அப்பா அவனைத்தான் திட்டினார். ஒருநாள் அவன் வகுப்பாசிரியரிடம் சொன்னான். அவர் நல்ல எண்ணத்தோடு மறுநாள் காலை பிரேயரில், மைக் முன்னால், பெயர் சொல்லாமல் ஆனால் எல்லோருக்கும் புரியும்படி கண்டித்தார். அன்று மாலை இரண்டு டயரும் பிளேடால் கிழிக்கப்பட்டிருந்தன.

இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளிடம் “சொல்லு, சொல்லு” என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சொன்ன மறுநாள் என்ன நடக்கும் என்பதற்கு ஏற்பாடு செய்பவர்கள் குறைவு. சொல்லும் பிள்ளைக்கு மிகவும் ஆபத்தான நேரம், சொன்னதற்கு அடுத்த நாள். அதைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அதனால்தான் வாயைத் திறப்பதில்லை.

தமிழ்நாடு இதை மிகக் கொடூரமாகப் பார்த்தது 2023 ஆகஸ்டில். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது உண்மையைச் சொன்னார். அன்று இரவே அந்த மாணவர்கள் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இருவரும் பிழைத்தார்கள். அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவர் முறையாகச் சொன்னார்; பள்ளியும் கேட்டது. கேட்டதற்கும் பாதுகாப்புக்கும் நடுவே இருந்த சில மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

இதையடுத்து அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஜூனில் முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்டது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலரை நியமிப்பது ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. கயிறு பற்றிய பரிந்துரைதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. நல அலுவலர் என்ற பரிந்துரை அதைவிட முக்கியமானது என்றே சொல்ல வேண்டும். புகாரை வாங்கிக்கொண்டு, மறுநாளும் அதற்கடுத்த வாரமும் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் நம் பள்ளிகளில் இல்லை. வகுப்பாசிரியருக்கு எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவும் தேர்தல் வேலையும் பாட அட்டவணையும் இருக்கின்றன.

மிதிவண்டி விஷயத்தில் பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. உடற்கல்வி ஆசிரியர் பொறுப்பேற்றுக்கொண்டார். முதலில் சைக்கிள் ஸ்டாண்டை மாற்றினார்: பின்சுவரோரம் இருந்தது, ஆசிரியர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு எதிரே வந்தது. அந்த மாணவன் ஒருவனுக்காக மாற்றியதாக யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவதாக, அதே வழியில் வீடு போகும் கபடி அணிப் பையன்கள் இருவரை அழைத்து, “இனிமே மூணு பேரும் ஒண்ணா போங்கடா” என்றார். வேறு விளக்கம் தரவில்லை. மூன்றாவதாக, கிழித்தவர்கள் யார் என்று தெரிந்த பிறகு அவர்களைத் தலைமையாசிரியர் அறையில் தனித்தனியாக விசாரித்தார்கள், கும்பலாக நிற்கவைக்கவில்லை. அவர்கள் கைக்காசில் டயர் வாங்கி மாட்டித் தர வேண்டும் என்று பெற்றோர் முன்னிலையில் முடிவாயிற்று. நான்காவது, எல்லாவற்றையும்விடச் சிறிய செயல்: தினமும் மாலை நாலேகாலுக்கு அந்த ஆசிரியர் கேட்டருகே நின்று “காத்து இருக்கா?” என்று அவனிடம் கேட்டார். அரையாண்டுத் தேர்வு வரை கேட்டார். அவன் “இருக்கு சார்” என்று சொன்னதில் இருந்த தொனி மாறியதை அவர் கவனித்துக்கொண்டே வந்தார்.

இதில் கபடிப் பையன்களின் பங்கு தற்செயல் அல்ல. கனடாவின் டொரான்டோ பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை ஒளிப்பதிவு செய்து நடந்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. கொடுமை நடந்த பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட தருணங்களில் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தில் ஒன்றில்தான் யாராவது தலையிட்டார்கள். தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து விநாடிக்குள் அது நின்றுபோனது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி உருவாக்கி 2009 முதல் நாடு முழுவதும் பரவிய ‘கிவா’ திட்டம் இந்தப் பார்வையாளர்களை நோக்கியே அமைந்தது. சேர்ந்து சிரிப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தினாலே கொடுமை செய்பவருக்கு மேடை போய்விடுகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. “நீ போய்த் தடு” என்று ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்புவது அவனையும் ஆபத்தில் தள்ளும். இருவர் மூவராகச் சேர்ந்து, தாக்கப்படுபவரை “வாடா, சார் கூப்புடுறாரு” என்று அந்த இடத்திலிருந்து அழைத்துப் போவதே அவர்களுக்குக் கற்றுத்தரத் தக்க செயல். அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ திட்டம் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று வகுப்பும் தெருவும் கலந்த ஐந்து அணிகளாகப் பிரிக்கிறது. ஒழுங்காக நடத்தினால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் அணியில் ஒரு பிளஸ் ஒன் அண்ணனோ அக்காவோ கிடைப்பார். இந்தப் பகுதிப் பள்ளிகளில் அதன் பயன் பெரிது.

கைப்பேசி வந்த பிறகு பள்ளி மணி அடித்தாலும் விடுதலை இல்லை என்றாகிவிட்டது. கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வந்த ஃபோன் பிறகு திரும்பிப் போகவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் இல்லாத இன்னொரு குழு இருக்கும். அதிலிருந்து ஒருத்தியைத் ‘தூக்கிவிட்டு’, அவளுடைய படத்தை ஸ்டிக்கராக்கி உலவவிடுவது இரவு பதினொரு மணிக்கு நடக்கும். காலையில் அவள் பேருந்தில் ஏறும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அவளுக்கு மட்டும் தெரியாது. பெற்றோர் உடனே செய்வது ஃபோனைப் பிடுங்குவது. பிள்ளைகள் சொல்லாமல் மறைப்பதற்கு முதல் காரணமே இந்த அச்சம்தான். செய்ய வேண்டியது, பதில் எழுதாமல் திரையைப் படமெடுத்து வைத்து, அனுப்பியவரைத் தடுத்துவிட்டு, பள்ளியிடம் கொண்டுபோவது. ஆபாசப் படமோ மிரட்டலோ பணம் கேட்பதோ இருந்தால் பள்ளியோடு நிறுத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ போக வேண்டும்.

அரக்கோணம் மார்க்க ரயிலையும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பேருந்தையும் சொல்லாமல் இந்தப் பகுதியின் இளைஞர் நட்பைப் பற்றி எழுத முடியாது. திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் நிலையங்களில் ஏறும் கல்லூரி மாணவர்களிடம் ‘ரூட்டு தல’ என்ற பதவி, அதாவது ஒரு தடத்தில் போகும் மாணவர் கூட்டத்தின் தலைமை, பல தலைமுறைகளாக இருந்துவந்திருக்கிறது. புதிதாகக் கல்லூரியில் சேரும் கிராமத்துப் பையனுக்கு அந்தக் கூட்டம் துணை தருகிறது, பாட்டுப் பாடித் தாளம் போட இடம் தருகிறது, தனியாக இல்லை என்ற தெம்பு தருகிறது. விலையாக, எதிர்க் கல்லூரிக்காரனை அடிக்கும்போது கூட நிற்கச் சொல்கிறது. மறுத்தால் கூட்டத்தில் இடமில்லை. இடமில்லாவிட்டால் அடி வாங்குபவன் அவனே. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில், பெரம்பூரிலிருந்து திருவேற்காடு செல்லும் பேருந்துக்குள் புகுந்து மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். 2024 அக்டோபரில் திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்து மாநிலக் கல்லூரியில் முதலாண்டு படித்த மாணவர், சென்ட்ரல் அருகே வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு இறந்தார். போலீஸ் கண்காணிப்பும் கல்லூரி நீக்கமும் ஒவ்வொரு முறையும் நடக்கின்றன. அவற்றோடு, பிளஸ் டூ முடிக்கும் பையன்களிடம் கல்லூரி திறப்பதற்கு முன்பே யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்: எந்தப் பெட்டியில் ஏறுவது, கூட்டம் கூப்பிட்டால் எப்படி நழுவுவது, யாரிடம் சொல்வது. அதே ரயிலில் போய் அதே கல்லூரியில் படித்து வேலைக்குப் போன அண்ணன்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை.

சட்டம் கல்லூரியில்தான் முதலில் வந்தது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அடுத்த மாதமே அவசரச் சட்டமும், 1997இல் ராகிங் தடைச் சட்டமும் தமிழ்நாட்டில் வந்தன. குற்றம் உறுதியானால் இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை, சி.பி.எஸ்.இ. 2015இல் தன் பள்ளிகளுக்குத் தனிக் குழு அமைக்கச் சொல்லி வழிகாட்டுதல் அனுப்பியது. ஆவடியின் கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் அது பொருந்தும். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டிய பெட்டியில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது.

கொடுமை செய்யும் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனும் பிள்ளைதான். டயர் கிழித்தவர்களில் ஒருவன் வீட்டில் தினமும் பெல்ட் அடி வாங்கியவன் என்பது விசாரணையில் தெரிந்தது. அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் அவனை வெறுமனே இடைநீக்கம் செய்து ஒரு வாரம் அதே வீட்டுக்கு அனுப்புவதால் என்ன கிடைக்கும்? எல்லை தெளிவாகச் சொல்லப்பட வேண்டும், செய்ததை அவன் ஈடு செய்ய வேண்டும், அதன் பிறகு அவனையும் ஒருவர் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்து உடனடியாகக் கைகுலுக்கச் சொல்வது மட்டும் கூடாது. சமமான இருவரின் சண்டைக்கு அது சரி. ஒருவர் மற்றவரைப் பல மாதம் வதைத்திருக்கும்போது, கைகுலுக்கல் வதைபட்டவருக்கு இன்னொரு தண்டனை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் உடம்பில் தெரியும்: ஞாயிறு மாலை வயிற்றுவலி, திங்கள் காலை தலைவலி, திரும்பி வரும் சாப்பாடு, அடிக்கடி தொலையும் பென்சில் பாக்ஸ், வேனில் போகமாட்டேன் என்ற பிடிவாதம், தூக்கத்தில் பேச்சு. நேராக “யார்டா உன்ன அடிக்கிறா?” என்று கேட்டால் “யாரும் இல்ல” என்றே பதில் வரும். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகும்போதும், பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நிற்கும்போதும், முகம் பார்க்காத நேரத்தில் பிள்ளைகள் எளிதாகப் பேசுகிறார்கள். பேசத் தொடங்கியதும் “நீயும் ரெண்டு குடுத்திருக்க வேண்டியதுதானே” என்று அப்பா சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தன்னால் முடியாததைச் செய்யவில்லை என்ற குற்ற உணர்வும் அவன் தலையில் ஏறும். கேட்டு முடித்தபின் அவனுக்குத் தெரிய வேண்டியவை: இது அவன் தவறில்லை, நாளைக்கு என்ன செய்யப்போகிறோம், அவனுக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டோம். பெற்றோர் எதிர்த் தரப்பு வீட்டுக்கு நேராகப் போவதைத் தவிர்க்க வேண்டும். தெருச்சண்டையாகி, அடுத்த நாள் பிள்ளைதான் அனுபவிக்கும். தேதி போட்டு எழுதிய கடிதத்தோடு பள்ளிக்குப் போவது நல்லது. அடிபட்டிருந்தால் மருத்துவச் சான்று வேண்டும்.

உதவி கேட்பதில் இந்தப் பகுதிக்கென ஒரு குழப்பம் உண்டு. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆக, குழந்தைகள் பாதுகாப்பு அலகு இரண்டு. போலீஸுக்கோ மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி ஆணையரகத்தின் கீழ். எங்கே போவது என்று அலைய வேண்டாம்: குழந்தைகள் உதவி எண் 1098 எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் உரிய மாவட்டத்துக்குத் திருப்பிவிடும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றி ஒரு பிள்ளை பேசினாலோ எழுதினாலோ அதைக் கவன ஈர்ப்பு என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஆவடியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு.

கடைசியாக, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ப்பது. பல பெற்றோருக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால், அல்லது பள்ளி பலமுறை சொல்லியும் அசையாவிட்டால் அதுவே சரி. அதில் தோல்வி என்று எதுவுமில்லை. மற்ற நேரங்களில் அவசரப்படுவது, துரத்தப்பட்டவன் தானே என்ற எண்ணத்தைப் பிள்ளையிடம் விதைக்கும், கொடுமை செய்தவர்களுக்கு அடுத்த ஆளைத் தேடும் வசதியையும் தரும். பிள்ளையிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். மாற்றுவதானால் கல்வியாண்டின் தொடக்கத்தில் மாற்றுவது நல்லது. நடுவில் வரும் புதியவர் மேல் எல்லோர் கண்ணும் விழும். புதிய பள்ளியின் வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும், நடந்ததைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் வாரம் யாரோடு உட்காருவது, மதியம் யாரோடு சாப்பிடுவது, எந்த வண்டியில் வீடு திரும்புவது என்ற மூன்றையும் அவரோடு பேசி வைத்துக்கொண்டு சேர்த்தால், பிள்ளை அந்த வாரத்தைத் தாண்டிவிடும்.